நேற்றுவரை நகர்ந்த தோல் இன்று ஏன் இறுகியது?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். ஆவணி மாதக் கடைசியில் திருமணம். சென்ற தீபாவளிவரை ஆண்குறியின் முன்தோல் எந்தச் சிரமமும் இல்லாமல் பின்னால் போகும், வரும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, இப்போது பாதிகூட நகர்வதில்லை. விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றன. சிறுநீர் பட்டால் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தேன், இரத்தம் வந்துவிட்டது. மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டு நாள் சுகமாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. வேலைக் களைப்போ என்னவோ, இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். சிறு வயதுப் பழக்கத்தின் விளைவா இது? சுன்னத் செய்தால்தான் தீருமா? எங்கள் வீட்டில் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். குழந்தை பிறக்குமா? கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரின் நோட்டீஸ் வைத்திருக்கிறேன், போகலாமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை அடிக்கோடிட்ட வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன் என்பது. அதை வேலைக் களைப்பின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்தோலுக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இந்த வாரமே பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். முன்தோல் இறுக்கத்தோடு வருகிற ஆண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எப்போதிலிருந்து?" என்பதுதான். சிலர், "எனக்குத் தெரிந்து என்றுமே பின்னால் போனதில்லை" என்பார்கள். சிலர், "நன்றாகத்தான் இருந்தது, ஆறு மாதமாக இப்படி" என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நோய்தான். ஃபைமோசிஸ் என்று ஒரே பெயரைத்தான் சீட்டில் எழுதுவோம். ஆனால் இரண்டும் வேறு வேறு வழியாக வந்தவை.

பிறக்கும்போது ஆண் குழந்தைகளுக்கு முன்தோலும் உள்ளே இருக்கும் மொட்டும் ஒட்டியேதான் இருக்கும். அது இயற்கை. வளர வளர ஒட்டு விடும், வளையம் நெகிழும். டென்மார்க்கில் யாக்கோப் ஒஸ்டர் என்ற மருத்துவர் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஆறேழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருந்த இறுக்கம், 16, 17 வயதில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மிஞ்சியது. அப்படி மிஞ்சியவர்கள் முதல் வகை. அவர்களுடைய தோல் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதன் வாய் மட்டும் சிறியது.

நீங்கள் இரண்டாம் வகை. தீபாவளிவரை நெகிழ்ந்து கொடுத்த தோல் காரணமின்றி இறுகாது. அங்கே அழற்சி நடந்திருக்கிறது, வெடித்திருக்கிறது, ஆறியிருக்கிறது, மறுபடி வெடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் ஒரு மெல்லிய தழும்பு. தழும்புக்கு நெகிழத் தெரியாது. பத்து வெடிப்பு ஆறினால் வளையம் முழுக்கத் தழும்பாகிவிடும். வெடிக்க வைப்பது எது என்று கேட்டால், முப்பது வயதுக்கு மேல் நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோய். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால், முன்தோலுக்குள் தங்கும் ஒவ்வொரு துளியும் கேண்டிடா என்ற பூஞ்சைக்குத் தீனி. சிவப்பு, அரிப்பு, தயிர்த் திவலை போன்ற வெள்ளைப் படிவு, விளிம்பில் கத்தியால் கீறியதுபோல நேர்க் கோடுகளாக வெடிப்பு. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், முன்தோலைக் காட்ட வந்து, அங்கேயே தெரிந்துகொண்டு போனவர்கள் என் அனுபவத்தில் பலர். ஒருவருக்கு வயது 28. மெலிந்த தேகம், வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. வெறும் வயிற்றில் 240 இருந்தது. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வேறு யாருடையதோ" என்றார்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். ஒரு முறை கூடுதலாக வந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்வார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்தே சொல்ல எனக்கு உரிமை இல்லை, இல்லாமலும் போகலாம். ஆனால் இதைப் பார்க்காமல் தோலுக்கு மட்டும் வைத்தியம் செய்தால், கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போலாகும்.

அந்த டியூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற களிம்புகளில் பல, ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கிவிடும். இரண்டு நாள் சுகம் அதனால்தான். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் உடலின் காவலையும் அது சேர்த்தே அடக்குகிறது. பூஞ்சை நிதானமாக வளர்ந்து மூன்றாம் நாள் முகம் காட்டும். அந்த டியூபை நிறுத்துங்கள். சோப்பும் கிருமிநாசினித் திரவமும் அந்த இடத்துக்கு வேண்டாம். வெடித்த தோலை அவை மேலும் எரிக்கும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பது, அவ்வளவு போதும். தேங்காய் எண்ணெய் தடவுவதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் எண்ணெய் பட்டால் ஆணுறையின் ரப்பர் வலுவிழக்கும் என்பதைத் திருமணத்துக்குப் பிறகு நினைவில் வையுங்கள்.

இழுத்தீர்கள், இரத்தம் வந்தது என்கிறீர்கள். இனி இழுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தினமும் பார்க்கிற பொருளை வைத்தே சொல்கிறேன். பனியனின் கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தால் நிதானமாக விரித்தால் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் தையல் விட்டுப்போகும். தோலில் தையல் விட்டுப்போவதுதான் நீங்கள் பார்த்த இரத்தம். அது ஆறும்போது பட்டி இன்னும் ஒரு சுற்றுச் சிறியதாகும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இறுகிய தோலை எப்படியோ பின்னால் தள்ளிவிட்டு, திரும்பக் கொண்டுவர முடியாமல் போவது. தோல் வளையம் மொட்டுக்குக் கீழே கயிறு போல இறுக்கும். இரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. மொட்டு வீங்கும், வளையம் இன்னும் இறுகும். பாராஃபைமோசிஸ் என்று பெயர். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு முதியவரைப் பார்த்தேன். வேறொரு நோய்க்காகச் சிறுநீர்க் குழாய் போட்டவர்கள், போட்டு முடித்ததும் முன்தோலை முன்னால் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அவரோ பேச முடியாத நிலையில் இருந்தார். மறுநாள் காலையில் துணியை விலக்கியபோது மொட்டு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என் மூத்த மருத்துவர் ஈரமான காஸ் துணியைச் சுற்றி உள்ளங்கைக்குள் பொத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார். வீக்கம் வடிந்ததும் இரு கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளி, விரல்களால் தோலை முன்னே கொண்டுவந்தார். அன்றிலிருந்து சிறுநீர்க் குழாய் போட்ட எந்த நோயாளியையும் நான் அந்த இடத்தைப் பார்க்காமல் கடந்ததில்லை. வீட்டில் பெரியவர்களுக்குக் குழாய் போட்டிருந்தால் நீங்களும் பாருங்கள். உங்களுக்கே அப்படி நேர்ந்தால், அழுத்திப் பிடித்து வீக்கம் வடிகிறதா என்று பாருங்கள். தோல் திரும்பவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெட்கப்படுவதற்கு அங்கே நேரம் கிடையாது, மணிக்கணக்கில் தாமதித்தால் மொட்டின் தசையே அழுகிப்போகலாம்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். யாரிடம் போவது? சிறுநீரகம் என்ற சொல் இருக்கிறதே என்று பலர் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களைப் பார்ப்பவர். நீங்கள் பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதைக்கும் ஆண் உறுப்புக்குமான அறுவை மருத்துவர். அவர் இல்லாத ஊரில் பொது அறுவை மருத்துவர் போதும். வெடிப்பும் படிவும் மட்டும் என்றால் தோல் மருத்துவரும் பார்ப்பார். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் இது அன்றாடம் பார்க்கிற விஷயம். பரிசோதனை மூன்று நிமிடம்கூட ஆகாது. தோலை மெல்ல நகர்த்தி எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பார், வெடிப்பையும் படிவையும் பார்ப்பார், தொடை இடுக்கைத் தொட்டுப் பார்ப்பார்.

அவர் கண் தேடுகிற இன்னொன்றும் உண்டு. லைக்கென் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோய். அதில் முன்தோலின் வாய் வெங்காயத் தோல் போல வெளுத்து, மெலிந்து, தொட்டால் விறைப்பாக இருக்கும். அது தொற்று நோயும் அல்ல, யாரிடமிருந்தும் வந்ததும் அல்ல. ஆனால் அது மொட்டுக்கும் பரவலாம், சிறுநீர்த் துளையையே சுருக்கலாம்; சிறுநீர் நூல் போல மெலிந்து வந்தாலோ இரண்டாகப் பிரிந்து தெறித்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீண்ட காலம் கவனிக்காமல் விட்டால் அதில் புற்றுநோய்க்கும் சிறிய வாய்ப்பு உண்டு. ஆகவே அதை விட்டுவைக்கக் கூடாது.

உங்களுக்கு வெறும் பூஞ்சைதான் என்றால், க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பையோ ஃப்ளூகோனசோல் மாத்திரையையோ மருத்துவர் தருவார். ஓரிரு வாரத்தில் வெடிப்புகள் மூடிவிடும். சர்க்கரையும் கட்டுக்குள் வந்தால், பலருக்குத் தோல் தானாகவே ஓரளவு தளரும். பிறகும் இறுக்கம் மிச்சமிருந்தால், இறுகிய வளையத்தின்மேல் மட்டும் மெல்லியதாகத் தடவ பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு, நாளைக்கு இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம். லைக்கென் ஸ்க்ளீரோசஸ் என்றால் இன்னும் வீரியமான க்ளோபெட்டசோல். மேலே ஸ்டீராய்டைத் திட்டிவிட்டு இங்கே அதையே சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். பூஞ்சை இருக்கும்போது அது எதிரி. பூஞ்சை போன பிறகு தழும்பை இளக்கித் தோலை மெல்லியதாக்குவதும் அதேதான். எப்போது என்று தீர்மானிக்கத்தான் மருத்துவர்.

களிம்போடு சேர்த்துப் பயிற்சி. வெந்நீர்க் குளியல் முடிந்ததும், தோல் இளகியிருக்கும்போது, இழுவை தெரிகிற இடம்வரை, வலி தொடங்காத இடம்வரை, தோலைப் பின்னால் நகர்த்தி அரை நிமிடம் பிடியுங்கள். விடுங்கள். நாலைந்து முறை. முடித்ததும் தோலை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், இதை மறக்கவே கூடாது. வெடிப்பு திறந்திருக்கும் நாள்களில் பயிற்சி வேண்டாம். வாரக்கணக்கில்தான் மாற்றம் தெரியும். நிதானமாக விரிப்பது என்பது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே இந்த இறுக்கத்துக்கு ஒரு பெயரும், நெய் பூசிய குழாயை நுழைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை சற்றுப் பருத்த குழாயாக மாற்றிக்கொண்டே போகிற சிகிச்சையும் சொல்லப்பட்டிருக்கின்றன. குழாயை நீங்கள் முயல வேண்டாம். அவசரம் கூடாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இதெல்லாம் செய்தும் தளராவிட்டால்தான் அறுவை சிகிச்சை. அதிலும் முழுத் தோலையும் எடுப்பது மட்டுமே வழி என்று இல்லை. நோயில்லாத தோலில் இறுக்கம் மட்டும் என்றால், வளையத்தை நீளவாக்கில் சிறிதாக வெட்டிக் குறுக்குவாக்கில் தைத்து வாயை அகலப்படுத்தலாம். முன்தோல் அப்படியே இருக்கும். மொட்டின் அடியில் தோலைப் பிடித்திருக்கும் சிறு இழை மட்டும் குட்டையாக இருந்தால் அதை மட்டும் நீட்டித் தைக்கலாம். (அந்த இழை முதல் உறவில் கிழிந்து இரத்தம் வந்ததும், "நரம்பு அறுந்துவிட்டது, ஆண்மை போய்விட்டது" என்று நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது தோல் இழைதான். ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது.) தழும்பு கெட்டிப்பட்டிருந்தால், அல்லது லைக்கென் ஸ்க்ளீரோசஸ் களிம்புக்குக் கட்டுப்படாவிட்டால், முழு முன்தோல் நீக்கமே நல்லது. எடுத்த தோலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சுமார் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது. அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். தையல் தானே கரைந்து விழும். முதல் வாரம் இரவில் இயல்பாக வரும் விறைப்பு தையலை இழுத்து எழுப்பிவிடும். மொட்டு உள்ளாடையில் உரசி கூசும், சில வாரங்களில் பழகிவிடும். நாலு முதல் ஆறு வாரம் உடலுறவு கூடாது. இரத்தக் கசிவு, தொற்று, மொட்டின் உணர்வில் சிறு மாறுதல் ஆகியவை நேரலாம் என்று முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். லேசர், ஸ்டேப்லர் என்று விளம்பரங்கள் வருகின்றன. வெட்டும் கருவிதான் மாறுகிறது. எதில் செய்தாலும் புண் ஆறுகிற நாள்களை உடம்புதான் தீர்மானிக்கிறது.

வீட்டில் ஏற்க மாட்டார்கள் என்கிறீர்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மார்க்கக் கல்யாணம் என்று விருந்து வைத்துக் கொண்டாடும் சடங்கு அவர்களுடைய நம்பிக்கையின் பகுதி. மருத்துவமனையில் நோய்க்காகச் செய்வது, குடல்வாலை எடுப்பதுபோல ஒரு சிகிச்சை. எல்லா மதத்து ஆண்களுக்கும் நான் செய்திருக்கிறேன். அம்மாவிடம், "சிறுநீர் போகிற இடத்தில் தோல் ஒட்டிக்கொண்டது, சரிசெய்யச் சொல்கிறார்கள்" என்றால் புரிந்துகொள்வார். அதுதான் உண்மையும்.

சிறு வயதுப் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பல ஆண்டுகளாக ஒரு குற்ற உணர்வைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, இறக்கிவையுங்கள். விந்தணு உருவாவது விரைகளில். முன்தோல் இறுக்கம் அதைத் தொடுவதில்லை. வலியினால் உறவு தடைபடலாம், அவ்வளவுதான்.

அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். எந்த லாட்ஜ், எந்த அறை, மாதத்தில் எந்தத் தேதி என்று போட்டு வருகிறவர்களிடம் இரத்தப் பரிசோதனை இருக்காது, அடுத்த வாரம் சிக்கல் வந்தால் ஆளும் இருக்க மாட்டார். உங்களைப் போன்றவர்களின் வெட்கத்தை வைத்துத்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. லேகியத்துக்காகச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு, இறுகிய தோலுக்குள் ஆறாத புண்ணோடு கடைசியில் என்னிடம் வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஆறாத புண், தடிப்பு, துர்நாற்றமுள்ள நீர், தொடை இடுக்கில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம்.

அவர்களில் ஐம்பது தாண்டிய, ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கின்றன. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து நம் ஊரில் ஏராளமானோர் எடுக்கிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான். ஆனால் முன்தோலுக்குள் பூஞ்சைத் தொற்று கூடும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஒற்றிவிடுங்கள். அரிப்போ வெடிப்போ வந்தால், மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பெண்ணிடம் சொல்வதா என்று கேட்டீர்கள். சர்க்கரை நோய் உறுதியானால், திருமணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் உங்களோடு உண்ணப்போகிறவருக்கு அது தெரிய வேண்டும். தோல் விஷயம் உங்கள் விருப்பம். ஆனால் சிகிச்சை முடியும் முன் முகூர்த்தம் வந்துவிட்டால், முதல் இரவில் வலியை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைவிட, "சின்ன சிகிச்சை நடக்கிறது, சில வாரம் பொறுக்க வேண்டும்" என்று சொல்வது அவருக்கும் மரியாதை.

நாள் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு இன்னும் 16 வாரம். பூஞ்சைக்கு இரண்டு, களிம்புக்கும் பயிற்சிக்கும் ஆறு என்று எட்டு வாரம் போனாலும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் ஆறுவதற்கு எட்டு வாரம் மீதி. ஆனால் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அதை இறக்கிய பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். புண் ஆற வேண்டுமே. அதனால் நாளைக் காலையே ஷிஃப்டுக்குப் போகும் வழியில் இரத்தம் கொடுத்துவிடுங்கள். இன்றிரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் டீ குடித்துவிடாதீர்கள்.